செம்பூரில் பயின்ற குரல்: முதல் பத்தாண்டின் கேள்வி

மும்பையில் வளர்ந்து, மும்பை ஆசிரியர்களிடம் சரளி வரிசை தொடங்கி, கர்நாடக இசையின் உச்சிக்குப் போன வாய்ப்பாட்டுக் கலைஞர்களை எண்ணிப் பார்க்கும்போது முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் பெண்கள். ஊரின் பெயரையே தாங்கிய பாம்பே சகோதரிகள் சரோஜா, லலிதா இருவருக்கும் சென்னை மியூசிக் அகாடமி 2010-இல் சங்கீத கலாநிதி விருது அளித்தது. 2018-இல் அருணா சாய்ராமுக்கு. 2023-இல் பாம்பே ஜெயஸ்ரீக்கு. இதே ஊரில், இதே பாடாந்திரத்தில் வளர்ந்த ஆண் குரல்கள் எவை என்று கேட்டால், எவரும் சொல்லும் பெயர்கள் ஹரிஹரனும் சங்கர் மகாதேவனும். இருவரும் பெரும் பாடகர்கள். ஆனால் இருவரையும் உலகம் அறிந்தது கஜல் வழியாகவும் சினிமா வழியாகவும்தான்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வரவில்லை. பாம்பே சகோதரிகளுக்கு முதலில் பாடம் சொன்னவர் எச்.ஏ.எஸ். மணி. அவருடைய மகன்தான் ஹரிஹரன். மணியிடம் பயின்ற சகோதரிகள் சென்னைக்குப் போய், முசிறி சுப்பிரமணிய ஐயரிடமும் டி.கே. கோவிந்த ராவிடமும் பாடம் கேட்டுக் கச்சேரி மேடையில் நிலைத்தார்கள். மகன், தாயார் அலமேலு மணியிடம் கர்நாடக இசை கேட்டு வளர்ந்து, உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் ஹிந்துஸ்தானி பயின்று, கஜல் பக்கம் போனார். அடுத்த தலைமுறையிலும் இதுவே நடந்தது. டி.ஆர். பாலமணியிடம் பாம்பே ஜெயஸ்ரீயும் படித்தார், செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும் படித்தார். ஜெயஸ்ரீ 1989-இல் லால்குடி ஜெயராமனிடம் குருகுலம் தேடிச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். சங்கர் கணினிப் பொறியியல் படித்து, மென்பொருள் வேலைக்குப் போய், அங்கிருந்து விளம்பரப் பாடல்களுக்கும் திரையிசைக்கும் வந்தார். இரண்டு தலைமுறையிலும் பாடம் தொடங்கிய இடம் ஒன்றுதான். பாதைகள்தான் பிரிந்தன.

ஆகவே கேள்வியை இப்படி வைக்கிறேன். முறையான பயிற்சி பெற்ற ஓர் ஆண் குரலுக்கு, பதினெட்டு வயது முதல் முப்பது வயது வரை மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் என்ன நடக்கிறது? பாடம் முடிந்து புகழ் வருவதற்கு முந்திய அந்தப் பத்துச் சொச்சம் ஆண்டுகளைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு. குழந்தை மேதையைப் பற்றி எழுதுகிறோம், எழுபது வயது விதுஷியைப் பற்றி எழுதுகிறோம். இடைப்பட்ட காலம் வீட்டாரின் கவலையாகவும் பாடகனின் தனிமையாகவும் கழிந்துவிடுகிறது.

மேற்கின் செவ்வியல் மரபில் இந்தப் பருவத்துக்கென்று தனி ஏற்பாடே இருப்பதால், அங்கிருந்து தொடங்குவது பயன் தரும். ஆப்பராவில் உயர்ந்த ஆண் குரலை டெனர் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற டெனர்களில் ஒருவரான லூசியானோ பவரொட்டி, இத்தாலியின் மொடேனா நகரில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தவர். குரல் பயிற்சி பெற்ற ஆண்டுகளில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பிறகு காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்தார். நம் செம்பூர் இளைஞன் வங்கியிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் வேலை பார்த்துக்கொண்டு பாடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு 1961-இல் வந்தது. அவர் ஓர் இசைப் போட்டியில் வென்றார். அதன் பலனாக ரெஜியோ எமிலியா நகர அரங்கில், புச்சினியின் லா போயெம் ஆப்பராவில் நாயகன் ரொடோல்ஃபோவாக ஏப்ரல் 29 அன்று மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 25. அந்தப் போட்டியின் பரிசு கோப்பையோடு நிற்கவில்லை, மேடையாகவே வந்தது. இது நம் சபாக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம். நம் ஊர்ப் போட்டிகளில் வெற்றி பெற்ற பிள்ளை சான்றிதழையும் குத்துவிளக்கையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். பக்கவாத்தியத்தோடு இரண்டரை மணி நேரக் கச்சேரியைப் பரிசாகத் தருகிற போட்டி எத்தனை?

போட்டிக்கு அப்பாலும் அங்கே படிகள் இருக்கின்றன. இசைக் கல்லூரிப் பட்டம் முடித்த இளம் பாடகரைப் பெரிய ஆப்பரா நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகள் சம்பளத்தோடு எடுத்துக்கொள்கின்றன. அவர் சின்ன வேடங்களைப் பாடுவார், பெரிய வேடத்தை மனப்பாடம் செய்துகொண்டு மூத்தவருக்கு உடல்நலம் கெட்டால் ஏறத் தயாராக இருப்பார், மொழி உச்சரிப்பும் நடிப்பும் கற்பார். ஜெர்மனியில் 80-க்கும் மேற்பட்ட ஆப்பரா அரங்குகள் இருக்கின்றன. அவற்றில் பல, பாடகர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கின்றன.

இந்தப் படிகளில் ஏறிய நம் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு: இலங்கை வம்சாவளியில் வந்த அமெரிக்க டெனர் ஷான் பணிக்கர். பென்சில்வேனியாவில் வளர்ந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குரலிசையில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, சான்ஃபிரான்சிஸ்கோ ஆப்பராவின் ஆட்லர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 2008-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் புச்சினியின் மனோன் லெஸ்கோவில் எட்மோந்தோ என்ற சிறிய வேடத்தில் அறிமுகமானார். அந்த வேடம் சிறியது, மேடை உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் பிறகும் பாதை நேராக ஓடவில்லை. 2013-இல் ஃபோர்ட்டே என்ற மூவர் குழுவில் சேர்ந்து அமெரிக்கத் தொலைக்காட்சித் திறன் போட்டி ஒன்றில் பாடினார். அதனால் செவ்வியல் உலகம் அவரைத் தள்ளி வைத்துவிடவில்லை. 2018-இல் சால்ஸ்பர்க் விழாவில் ஹென்ஸே இயற்றிய பாஸரிட்ஸ் ஆப்பராவில் டயோனிசஸ், அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிப் கிளாஸின் சத்தியாக்கிரகாவில் காந்தி என்று பெரிய வேடங்கள் வந்தன. 2008-இலிருந்து 2018 வரை அந்தப் பத்தாண்டில் அவரைக் கீழே விழாமல் தாங்கியவை பயிற்சித் திட்டமும், சிறு வேடங்களும், ஊர் ஊராகக் கிடைத்த ஒப்பந்தங்களும்தான்.

இனி நம் குரலுக்கு வருவோம். கர்நாடக இசையில் ஆண் பாடகர்கள் இன்று பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டை வரையிலான சுருதியில் பாடுகிறார்கள். மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி கைக்குள் இருந்தால் கச்சேரிக்குப் போதும். ஒரு கட்டையில் பாடுகிறவர் தார பஞ்சமத்தைத் தொட்டுவிட்டால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. டெனரின் புகழ்பெற்ற உச்ச சுரம் அதற்கும் மேலே, அதே சுருதியின் அடுத்த ஸட்ஜம். அதை அவர் மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலாக, பின்வரிசை வரை கேட்கும்படி பாடியாக வேண்டும். அது எப்படி இயலுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் விளக்கினார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் விநாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் மிகுந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஆப்பராக் குரல், தொண்டையின் அமைப்பை மாற்றி, 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஆற்றலைக் குவிக்கிறது. வாத்தியங்கள் வலுவிழக்கும் அந்த இடைவெளியின் வழியே குரல் வெளியே வருகிறது.

நம்மிடமும் அப்படிப்பட்ட குரல்கள் இருந்தன. மைக் வருவதற்கு முந்திய நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா எட்டிய உயரத்தை ரசிகர்கள் தலைமுறை தாண்டியும் பேசினார்கள். அவர் 1933-இல், 27 வயதில் மறைந்தார். மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது, நுணுக்கம் கூடியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, மைக் இல்லாமல் இன்றைய மனோதர்மத்தின் மென்மை வந்திருக்காது. ஆனால் குரலை உடலின் கருவியாக எண்ணிப் பேணும் பழக்கம் நம்மிடம் தளர்ந்துவிட்டது. மகரக்கட்டு வந்து குரல் உடைகிற பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, எந்தச் சுருதிக்கு இறக்குவது, எவ்வளவு காலம் ஓய்வு தருவது என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வழக்கம் வேறு. பெண் குழந்தைக்கு இவ்வளவு பெரிய முறிவு வருவதில்லை. அவள் பதினைந்து வயதில் ஐந்தரைக் கட்டையில் தொடர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது, பையன் புதிய குரலோடு முதலிலிருந்து தொடங்குகிறான். அந்த ஆண்டுகள்தான் பத்தாம் வகுப்புத் தேர்வின் ஆண்டுகளும், நுழைவுத் தேர்வின் ஆண்டுகளும். பல ஆண் குரல்கள் மேடையை நெருங்கும் முன்பே இங்கேயே நின்றுவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். குரல் அறிவியலை நம் மரபுக்கு அந்நியமாக நினைக்கத் தேவையில்லை. டி. பிருந்தாவிடம் பாடாந்திரம் பெற்ற அருணா சாய்ராமே, யூஜின் ராபின் என்ற மேற்கத்தியக் குரல் ஆசிரியரிடம் பயிற்சி எடுத்துத் தம் குரலை விரித்துக்கொண்டவர். பிருந்தாவின் பாணி அதனால் கெட்டுப்போகவில்லை. 2011-இல் லண்டன் பிபிசி ப்ரோம்ஸ் விழாவில் முதன்முதலாகக் கர்நாடக இசை ஒலித்தது அந்தக் குரலில்தான்.

செம்பூருக்கு வருவோம். டிராம்பேயின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, அணுசக்தி ஆய்வு மையம் என்று வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும், மாட்டுங்காவில் இடம் போதாமல் கிழக்கே நகர்ந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய பேட்டை இது. பாலக்காட்டுக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் கலந்தவர்கள். சேடா நகர் முருகன் கோயில், அகோபில மடம், வீட்டுக்கு வீடு பஜனை. 1962-இல் தொடங்கிய ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, ஆர்.சி. மார்க் சாலைச் சந்திப்புக்கே தன் பெயரைத் தந்துவிட்டது. அதன் சிவசாமி அரங்கில் பாடாத பெரிய வித்வான்கள் குறைவு. ஹார்பர் லைனில் ஏறி வடாலாவில் மாறினால் கிங்ஸ் சர்க்கிள். அங்கே 1952-இல் தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபா, 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட மண்டபம், அதன் சங்கீத வித்யாலயா. 1990-இல் தீ விபத்தில் சேதமுற்ற மண்டபத்தை 1998-இல் மீண்டும் திறந்தார்கள். சென்னைக்கு வெளியே இவ்வளவு இசைக் கட்டமைப்பை மக்களே தங்கள் கைப்பணத்தில் எழுப்பிய ஊர் அரிது.

ஆசிரியர்களுக்கும் குறைவில்லை. ஹார்மோனியமும் சுருதிப் பெட்டியும் வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் கூடத்தை வகுப்பாக்கிய பெண்மணிகள்தான் இந்த ஊரின் இசையைக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்த மலரிலும் அச்சாகவில்லை. வர்ணம், கீர்த்தனை, பிறகு சிறிய ஆலாபனை, எளிய தாளத்தில் கல்பனாஸ்வரம் வரை இங்கேயே கிடைத்துவிடும். இடத்தின் நெருக்கடி மட்டும் குரலில் தன் அடையாளத்தை விடும். ஓர் அறையும் கூடமும் கொண்ட ஃப்ளாட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் உறங்கும்போது, விடியற்காலை அகார சாதகத்தை முழுத் தொண்டையில் செய்ய முடியாது. பையன் குரலை அடக்கிப் பழகுகிறான். அடக்கிப் பழகிய குரலை மைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறான். தார ஸ்தாயியில் அது காப்பாற்றுவதில்லை.

ஆக, பாடம் உண்டு, மண்டபம் உண்டு, ரசிகர் உண்டு. எது இல்லை? சென்னையோடு ஒப்பிட்டால் விடை தெரியும். 1980-களின் சென்னையிலும் ஆண் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். சஞ்சய் சுப்ரமண்யன் பட்டயக் கணக்காளர் தேர்வு எழுதித் தேறியவர். உன்னிகிருஷ்ணன் ஒரு தனியார் நிறுவனத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர். ஆனாலும் அந்தத் தலைமுறை மேடையில் நின்றது. அதற்கு ஒரு காரணம், 1985-இல் இளைஞர்களே கூடித் தொடங்கிய யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிகல் மியூசிக். இளையவர்களின் கச்சேரிகளை இளையவர்களே நடத்தினார்கள், ஒருவர் பாட்டை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என்று ஒரே வயதினர் ஒன்றாக வளர்ந்தார்கள். அலுவலகம் முடிந்து மயிலாப்பூரில் ஒரு கச்சேரி, ஞாயிறு காலை தியாகராய நகரில் ஒன்று, மார்கழியில் பகல் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு. சன்மானம் ஆட்டோவுக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் முப்பது நாற்பது முறை மேடையில் உட்காருகிறவன் தன் தவறுகளைத் தானே கண்டு திருத்திக்கொள்கிறான். தோடியை வீட்டில் நூறு முறை பாடியவனும் மேடையில் பத்து முறை பாடியவனும் ஒன்றல்ல.

மும்பையில் ஆண்டுக்கு அத்தனை மேடை கிடைக்காது. சபாக்கள் சில, அவற்றின் முக்கியத் தேதிகள் சென்னையிலிருந்து விமானத்தில் வரும் பெயர்களுக்கு. அதைத் தவறென்றும் சொல்லிவிட முடியாது. டிக்கெட் வாங்குகிற ரசிகர் அந்தப் பெயர்களைத்தான் கேட்கிறார், மண்டபத்தின் மின்கட்டணமும் அதிலிருந்துதான் வர வேண்டும். உள்ளூர் இளைஞனுக்குக் கிடைப்பது தியாகராஜ ஆராதனையில் பத்து நிமிடம், நவராத்திரியில் கோயில் கச்சேரி, ஆசிரியர் தினத்தில் குழுப் பாட்டு. தரமான பக்கவாத்தியக் கலைஞரும் அவனைப் போலவே அலுவலகம் போகிறவர். செம்பூரிலிருந்து நரிமன் பாயிண்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று மணி நேரம் ரயிலில் கரைந்துவிடும். பாடகனும் மிருதங்கக்காரனும் சேர்ந்து உட்கார ஒரு மாலை கிடைப்பது அரிது. சென்னைக்குப் போய்ப் பாடலாம் என்றால், ஒரு பகலும் ஓர் இரவும் ரயில் பயணம், அலுவலக விடுப்பு, பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு முன்வரிசையில் உறவினர் பத்துப் பேர்.

ஜி.என். பாலசுப்பிரமணியம் 1928-இல் மயிலை கபாலீசுவரர் கோயில் விழாவில், வர இயலாத முசிறிக்குப் பதிலாகப் பாடித்தான் வெளிச்சத்துக்கு வந்தார். பவரொட்டி 1963-இல் லண்டன் கோவென்ட் கார்டனில், உடல்நலம் குன்றிய டி ஸ்டெஃபானோவுக்குப் பதிலாக ஏறினார். இரண்டு இடத்திலும் வாய்ப்பு தற்செயலாக வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் இருவரும் அந்த ஊரில் அன்று இருந்தார்கள், அழைத்தவருக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. தற்செயல் வேலை செய்வதற்கும் ஆள் அருகில் இருக்க வேண்டும். மும்பைப் பெண்களும் அருகில் போனதால்தான் உயர்ந்தார்கள். அவர்களுக்கு வழி எளிதாக இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அருணா சாய்ராமுக்குப் பெரும் புகழ் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. ஆனால் இருபத்திரண்டு வயது மகன் சம்பளத்தை விட்டுவிட்டு குருவீட்டில் போய் உட்காருவதை, கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிய மும்பைக் குடும்பம் தாங்காது. மகள் பாட்டில் ஆழ்ந்தால் பெருமைப்பட்ட அதே வீடு, மகன் ஆழ்ந்தால் பயந்தது. இரண்டுமே அநீதிதான். பெண்ணின் பாட்டை வருமானமாக எண்ணாததும் ஆணின் பாட்டை வருமானமாக மட்டும் எண்ணியதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சந்தீப் நாராயண் போன்றவர்கள் இந்தத் தலைமுறையில் சென்னைக்கே குடிவந்து முழுநேரப் பாடகர்களாக நிலைத்ததைப் பார்க்கும்போது, தூரத்தை வெல்லலாம், ஆனால் அதற்கு வீடு துணை நிற்க வேண்டும் என்பது தெரிகிறது.

அரசு வழி என்ன இருக்கிறது? மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. சங்கீத நாடக அகாடமி 2006 முதல் பிஸ்மில்லா கான் பெயரில் இளையோர் விருது அளிக்கிறது. வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறார்கள். அந்தத் தரம் விண்ணப்பத்தில் எழுத உதவும், வாடகைக்கு உதவாது. செம்பூரில் மாதம் 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சண்முகானந்தா சபா எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இளங்கலைஞர்களுக்கு நிதி நல்கை வழங்குவது நல்ல தொடக்கம்.

இந்த நிலையில் பயிற்சி பெற்ற குரல் ஸ்டூடியோவை நோக்கிப் போனது இயற்கை. ஜெயஸ்ரீயும் தொடக்கத்தில் மும்பையில் விளம்பரப் பாடல்கள் பாடியவர்தான். ஹரிஹரன் 1977-இல் ஓர் இசைப் போட்டியில் வென்று, இசையமைப்பாளர் ஜெய்தேவின் கண்ணில் பட்டு, மறு ஆண்டு கமன் படத்தில் பாடினார். மீண்டும் கவனியுங்கள்: அந்தப் பரிசுக்குப் பின்னால் ஒரு வாய்ப்பு வந்தது. அதன் பிறகும் தமிழ் மக்கள் அவரை ரோஜாவில் கேட்பதற்கு 1992 வரை ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் கஜல் மேடைகளே அவரைத் தாங்கின. சங்கர் மகாதேவனின் 1998 பிரெத்லெஸ் பாட்டில் மூச்சு விடாத ஓட்டத்தைக் கேட்டு நாடே வியந்தது. அந்த மூச்சுக்கும் கணக்குக்கும் பின்னால் பாலமணியின் வகுப்பு இருக்கிறது. இவர்கள் கச்சேரி மேடையை விட்டு வழி தவறிப் போனார்கள் என்று பேசுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் கதவு திறந்த இடத்தில் நுழைந்தார்கள், அங்கே செவ்வியல் பயிற்சியின் மதிப்பைக் கோடிப் பேருக்குக் காட்டினார்கள். நான் கேட்பது, கச்சேரி மேடையின் கதவு ஏன் அவர்களுக்கு அதே வேகத்தில் திறக்கவில்லை என்பதுதான்.

இன்னொரு கதவைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. சண்முகானந்தா மண்டபத்திலிருந்து தாராவி நடந்து போகும் தூரம். தாராவியின் ஒரு பகுதிக்கே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றுதான் பெயர். அங்கே தமிழ்க் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சர்ச் பாடகர் குழுவிலும் கோயில் திருவிழாவிலும் பாடுகிற நல்ல குரல்கள் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் இந்தச் சங்கீத வகுப்புகளின் வாசலை மிதித்திருக்கிறார்கள்? சாதியும் வர்க்கமும் போட்ட கோட்டை இசையின் பெயரால் மறைக்க வேண்டாம். அந்தப் பகுதி இளைஞர்கள் வேறு வழி கண்டார்கள். ராப் பாட்டில் தங்கள் சொந்த மேடையைத் தாங்களே கட்டிக்கொண்ட டோப்டெலிக்ஸ் குழு 2018-இல் ரஜினியின் காலா படம் வரை போனது. 1985-இல் சென்னை இளைஞர்கள் செய்ததையும் தாராவி இளைஞர்கள் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். மூத்தவர் அழைப்புக்குக் காத்திராமல், ஒரே வயதினர் சேர்ந்து கூட்டிய மேடை இரண்டிலும் பலன் தந்தது.

மேற்கத்திய செவ்வியல் குரலைத் தேர்ந்த இந்தியர்களின் நிலை மும்பையில் இன்னும் கடினம். கிர்காவின் ராயல் ஆப்பரா ஹவுஸ் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வருகையின்போது திறக்கப்பட்டது. பின்னாளில் மராத்தி இசை நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் இடமளித்து, 1993-இல் மூடப்பட்டு, 2016-இல் மீண்டும் திறந்தது. திறப்பு நாளில் பாடியவர் மும்பையில் பிறந்து லண்டனில் பயின்ற சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) பாடகி பாட்ரிசியா ரொசாரியோ. அவர் செய்த ஒரு காரியம் செம்பூருக்கு நேராகப் பொருந்தும். வெளியூர் போய்ப் பெரிய பாடகியான பிறகு, 2009 முதல் ஆண்டுதோறும் இந்தியா வந்து இளம் குரல்களைத் தேடிப் பயிற்றுவிக்கிறார். அவர்கள் பாட மேடையும் அமைத்துத் தருகிறார். ஊரை விட்டுப் போனவர் திரும்பி வந்து அடுத்தவனின் முதல் பத்தாண்டைத் தாங்கிப் பிடிக்கிறார்.

என் முடிவு இது. செம்பூரும் மாட்டுங்காவும் பாடம் சொல்வதில் குறை வைக்கவில்லை. பாடத்துக்கும் புகழுக்கும் நடுவில் உள்ள காலத்தில் மேடை எண்ணிக்கையில்தான் குறை வைத்திருக்கின்றன. அதிலும் ஆண் குரல், உடைந்து மீளும் பருவமும் சம்பாதிக்க வேண்டிய கட்டாயமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால், சீக்கிரம் தோற்கிறது. இதைச் சரி செய்யப் புதிய மண்டபம் வேண்டாம். இருக்கிற சபாக்கள் சேர்ந்து, ஆண்டுதோறும் நான்கு இளம் பாடகர்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு முழுக் கச்சேரி தரட்டும். பக்கவாத்தியத்துக்கும் சேர்த்துச் சன்மானம் கொடுக்கட்டும். அந்த நால்வரில் ஒருவராவது லேபர் கேம்ப்பிலிருந்து வர வழி செய்யட்டும். போட்டி நடத்துகிறவர்கள் கோப்பைக்குப் பதில் கச்சேரியைப் பரிசாக வைக்கட்டும். ஞாயிறு மாலைகளில் சிறிய அரங்கு காலியாகக் கிடந்தால், சாதகம் செய்ய இடமில்லாத பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடட்டும்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை அழைப்பிதழில் கேள்விப்படாத ஓர் உள்ளூர்ப் பெயர் இருந்தால், தயவுசெய்து போய், துக்கடா முடிந்து மங்களம் வரை உட்கார்ந்து கேளுங்கள். பாடி முடித்த பிள்ளையிடம் எந்த ராகம் நன்றாக வந்தது, எங்கே தடுமாறியது என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.